செஞ்சிக் கோட்டையைக் கட்டியது யார்? பண்டாரவளைத் தம்பிக்கு ஒரு பதில்

வணக்கம். பண்டாரவளையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணே, தை மாதம் குடும்பத்தோடு தமிழ்நாடு போகிறோம். செஞ்சிக் கோட்டையை ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா? அதைக் கட்டியது சிவாஜியா, தேசிங்குராஜனா?" இதை வாசித்ததில் இருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவ்வளவு சந்தோஷம்.

தம்பி, இரண்டு பேருமே இல்லை. 2025இல் யுனெஸ்கோ மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில், ஒன்று செஞ்சி. அதில் இருந்து எல்லாரும் சிவாஜி கோட்டை என்கிறார்கள். சிவாஜி அதைப் பிடித்தது 1677இல். அதற்கு முன்னால் பீஜப்பூர் சுல்தானின் படை 1649இல் பிடித்திருந்தது. அதற்கும் முன்னால் நாயக்கர்கள். தொடக்கம் ஆனந்தக் கோன் என்ற இடையர் தலைவர் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். சிவாஜிக்குப் பிறகு முகலாயர், ஆற்காட்டு நவாப், 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர்.

தேசிங்கு விஷயம் எனக்கு மிகவும் நெருக்கமானது. எங்கள் தோட்டத்தில் ஒரு பெரியவர் இருந்தார், ஆற்காட்டுப் பக்கத்தில் இருந்து வந்த குடும்பம். மழை நாளில் லயத்து வாசலில் உட்கார்ந்து தேசிங்குராஜன் கதையைப் பாடுவார். பாராசாரிக் குதிரை வரும் இடத்தில் குரல் ஏறும். கல்யாணத்தை விட்டுவிட்டு நண்பனுக்காகப் போருக்கு ஓடி வரும் மகமத்கான் கட்டத்தில் பெண்கள் அழுவார்கள். ஒரு இந்து ராஜாவும் ஒரு முஸ்லிம் தோழனும் சேர்ந்து ஆற்காட்டு நவாப்போடு மோதும் கதை அது. அதைக் கேட்டு வளர்ந்த எனக்குச் செஞ்சி முழுவதும் தேசிங்குடையது என்றுதான் எண்ணம். ஆனால் தேசிங்கு ஆண்டது ஒரு வருடம்கூட இல்லை. அப்பா சொரூப் சிங் இறந்த பிறகு பொறுப்புக்கு வந்து, 1714இலேயே போரில் இறந்துபோனார். நானூறு, ஐந்நூறு வருடம் மற்றவர்கள் கல் தூக்கினார்கள், பாட்டு அந்த ஒரு வருடத்துப் பையனுக்குக் கிடைத்தது. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

சரி, நான் எப்போதும் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன்: எந்தக் கோட்டைக்குப் போனாலும் முதலில் தண்ணீரைப் பாருங்கள். மதிலைப் பிறகு பார்க்கலாம். சிவாஜியின் மகன் ராஜாராம் செஞ்சிக்குள் வந்தார். 1690இல் முகலாயப் படை வெளியே வந்து உட்கார்ந்தது. கோட்டை விழுந்தது 1698இல், அதுவும் ராஜாராம் தப்பிப் போன பிறகு. அத்தனை வருடம் உள்ளே இருந்தவர்கள் எதைக் குடித்தார்கள், எதைத் தின்றார்கள்? தம்பி, இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டிருந்தால் நான் இரண்டு மணி நேரம் பேசியிருப்பேன்.

கீழே சக்கரக்குளம், செட்டிக்குளம், கல்யாண மகால் பக்கத்தில் யானைக்குளம். மேலே பாறை இடுக்கில் சுனைகள். மழை பெய்தால் கருங்கல் மலை ஒரு சொட்டையும் உறிஞ்சாது, எல்லாம் வழிந்து வரும், அதை அங்கங்கே மறித்துத் தேக்கியிருக்கிறார்கள். மலைச்சரிவில் கான் (வடிகால்) வெட்டித் தண்ணீரைத் திருப்பிப் பழகிய நமக்கு இது பார்த்த உடனே பிடிபடும். கோட்டை மலைகளில் ஒன்றான கிருஷ்ணகிரி உச்சியில் தானியக் களஞ்சியங்கள், பக்கத்திலேயே எண்ணெய், நெய் சேர்த்து வைத்த தொட்டி. களஞ்சியச் சுவரின் கனத்தைக் கை வைத்துப் பாருங்கள். பீரங்கியைப் படம் எடுக்கும் கூட்டம் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை, எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

அப்புறம் கீழ்க்கோட்டையில் வெங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் இருக்கின்றன. தேசிங்கை வென்ற அதே நவாப்தான். இரண்டையும் பார்க்காமல் வராதீர்கள்.

ஒரு நாளில் முடியுமா என்றால், கோட்டை மலைகளில் உயரமான ராஜகிரி முடியும். சுமார் 800 அடிதான், சிவனொளிபாத மலை ஏறிய கால்களுக்குப் பெரிதில்லை. ஆனால் நம் குளிர் அங்கே கிடையாது, பாறை சுடும். காலையில் திறந்த உடனே ஏறிவிடுங்கள், தண்ணீர் கொண்டு போங்கள், குரங்கு கண்ணில் சாப்பாட்டுப் பையைக் காட்டாதீர்கள். உச்சிக்கு முன்னால் ஒரு பிளவு வரும், அதன் மேல் சிறு பாலம். அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே இருப்பவரை யாரும் நெருங்க முடியாது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கிருஷ்ணகிரியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னும் ஒரு நாள் இருந்தால் திருவண்ணாமலை வழியாக வேலூருக்குப் போங்கள். கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816இல் ஆங்கிலேயர் வேலூர்க் கோட்டையில்தான் கொண்டுபோய் வைத்தார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று கேட்டால் சமாதியைக் காட்டுவார்கள். கண்டியைத் தாண்டிப் போய்வரும் நாம் அந்த இடத்தைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் எண்ணம்.