திரைக்குப் பின்னால் யார்?

வானொலி நேயர்களுக்கு அன்பான வணக்கம்.

ஐந்து படங்களைச் சொல்கிறேன். உங்களால் பார்க்க முடியாது, அதனால் மனசில் வரைந்துகொள்ளுங்கள். முதல் படத்தில் ஒரு பழைய மாமரம். இரண்டாவதில் தரையில் ஊறி நிற்கும் தண்ணீர். மூன்றாவதில் மலை உச்சியில் எரியும் தீபம். நான்காவதில் நின்று எரியாமல் ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு விளக்குச் சுடர். ஐந்தாவதில் வெறும் திரை. இந்த ஐந்து படமும் சேர்ந்து ஒரே ஒரு சங்கீத மகானைக் காட்டுகின்றன. யார் அவர்?

நிலம், நீர், தீ, காற்று, ஆகாயம் என்ற ஐந்துக்கும் உரிய பஞ்சபூதத் தலங்கள் என்பதை உங்களில் பலர் இதற்குள் பிடித்திருப்பீர்கள். நிலத்துக்குரிய காஞ்சியின் மாமரம், திருவானைக்காவின் நீர், திருவண்ணாமலையின் தீ, காளத்தியின் காற்று, சிதம்பரத்தில் ஆகாயத்தை மறைத்து நிற்கும் திரை. இந்த ஐந்து தலத்துக்கும் தலத்துக்கு ஒன்றாகக் கீர்த்தனை செய்தவர் முத்துசுவாமி தீட்சிதர். காஞ்சிக்குப் பைரவியில் 'சிந்தய மாகந்த மூலகந்தம்', ஆனைக்காவுக்கு யமுனா கல்யாணியில் 'ஜம்பூபதே', அண்ணாமலைக்குச் சாரங்காவில் 'அருணாசலநாதம்', காளத்திக்கு ஹுசேனியில் 'ஸ்ரீ காளஹஸ்தீச', சிதம்பரத்துக்குக் கேதாரத்தில் 'ஆனந்த நடன ப்ரகாசம்'.

இப்படிப் படம் போட்டு வாக்கேயகாரர்களை, அதாவது பாட்டையும் மெட்டையும் தாமே அமைத்தவர்களை, கண்டுபிடிக்கிற விளையாட்டை நானும் சில நண்பர்களும் வாட்ஸ்அப்பில் ஆடி வருகிறோம். ஒருவர் திருச்சியில், ஒருவர் பெங்களூரில், ஒருவர் சிங்கப்பூரில், மற்றவர்கள் சென்னையில். சிலர் முறையாகப் பாட்டுப் படித்தவர்கள், சிலர் கச்சேரி கேட்பதோடு சரி. வாரத்துக்கு ஒருவர் புதிர் போடுவார். ஞாயிற்றுக்கிழமை இரவு எல்லோரும் காணொளியில் கூடி விடையைப் பேசுவோம். அந்தப் பேச்சு நீண்டுகொண்டே போகும், பல சமயம் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி.

ஆரம்பத்தில் முகங்களைத்தான் போட்டோம். பாதி முகம், கண் மட்டும், நெற்றி மட்டும் என்று வெட்டி வெட்டிப் போடுவோம். இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் இருக்கிறது. சியாமா சாஸ்திரி மறைந்தது 1827இல். தீட்சிதர் 1835இல். புகைப்படம் எடுக்கும் முறை பாரிஸில் உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1839இல்தான். தியாகராஜர் 1847 வரை இருந்தார் என்றாலும் கேமரா அவரையும் பார்க்கவில்லை. நம் வீட்டுச் சுவரிலும் சபா மேடையிலும் மாட்டியிருக்கிற, சங்கீத மும்மூர்த்திகள் என்று நாம் சொல்கிற இந்த மூவரின் படம் ஓவியர்கள் நமக்குத் தந்தது. அதில் பெரும் பங்கு எஸ். ராஜம் அவர்களுடையது. 1919இல் பிறந்து 2010 வரை வாழ்ந்தவர். பாடகர், ஓவியர், சென்னை வானொலியிலேயே பணியாற்றியவர். இந்த நிலையத்தின் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. தபால் துறையும் தியாகராஜருக்கு 1961இலும், தீட்சிதருக்கு 1976இலும், சியாமா சாஸ்திரிக்கு 1985இலும் அஞ்சல் தலை வெளியிட்டது. அவையும் எங்கள் புதிர்களில் வந்து போயின.

ஆனால் ஒன்று கவனித்தோம். தீட்சிதர் கையிலிருக்கும் வீணையை வெட்டிவிட்டால் பாதிப் பேருக்கு அவரைத் தெரியவில்லை. தியாகராஜர் என்று நாம் கண்டுகொள்வது அந்தத் தம்புராவை வைத்துத்தான். அப்படியென்றால் நமக்கு இவர்களுடைய முகம் எங்கே தெரியும்? பாட்டில்தான் தெரியும். இதை எங்கள் திருச்சித் தோழி ஒரு ஞாயிறு இரவில் சொன்னார். அன்றோடு முகப் புதிர்களை நிறுத்திவிட்டோம். பாட்டுக்குள் போய்ப் படம் தேடலாம் என்று முடிவு செய்தோம்.

தேடினால், தியாகராஜர் நமக்கு முன்பே எல்லாப் படத்தையும் வரைந்து வைத்திருக்கிறார்! 'நிதி சால சுகமா' என்ற கல்யாணி ராகக் கீர்த்தனையை எடுத்துக்கொள்ளுங்கள். பொற்காசு, ராமர் சன்னிதி. தயிர், வெண்ணெய், பால். கங்கை, அதற்கு எதிரில் சேறு நிறைந்த ஒரு கிணறு. வரிசையாக அடுக்கினாலே புதிர் தயார். அரசரின் அழைப்பை வேண்டாம் என்ற மனிதர், எது சுகம் எது சுகம் என்று தன் மனதிடம் கேட்டுக்கொண்டே போகிறார். ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளை எடுத்து வைக்கிறார்.

எங்கள் குழுவில் இதுவரை எல்லோரையும் அதிகம் பேச வைத்தது ஒரே ஒரு படம். நான் முதலில் சொன்ன அந்தத் திரைதான். பெங்களூர் நண்பர் ஒரு வாரம் வேறு எதுவும் தராமல் அதை மட்டும் போட்டார். ஒரு சன்னிதி, மூடிய திரை. கேள்வி வழக்கம்போல, யார்?

உடனே நாலு பேர் 'தீட்சிதர்' என்றார்கள். சிதம்பர ரகசியம், ஆனந்த நடன ப்ரகாசம், முடிந்தது கதை என்று. திருச்சித் தோழி மட்டும் 'இல்லை, தியாகராஜர்' என்றார். திருப்பதிக்குத் தியாகராஜர் போனபோது சன்னிதியில் திரை போட்டிருந்தது என்றும், அப்போது அவர் பாடியதுதான் கௌளிபந்து ராகத்தில் வரும் 'தெர தீயக ராதா' என்றும் வழிவழியாகச் சொல்வார்கள். திரையை விலக்கக் கூடாதா என்று கேட்கிறார். எந்தத் திரையை? சன்னிதியில் தொங்குகிற துணியை இல்லை, எனக்குள் தொங்குகிற பொறாமை என்னும் திரையை என்கிறார். மூன்றாவதாக ஒருவர், 'நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாக ஏன் இருக்கக் கூடாது? திருப்புன்கூரில் நந்தனாருக்கு நந்தி மறைத்து நின்றதும் ஒரு திரைதானே' என்றார். 'வழி மறைத்திருக்குதே' என்று நாட்டைக்குறிஞ்சியில் நந்தனார் கலங்கும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்து 'சற்றே விலகி இரும் பிள்ளாய்' என்று பூர்வி கல்யாணியில் சிவபெருமானே நந்தியிடம் சொல்வார்.

யார் சொன்னது சரி? படம் போட்டவர் நினைத்தது தியாகராஜரை. ஆனால் மற்ற இரண்டும் தவறு என்று என்னால் சொல்ல முடியாது. ஒரே திரைக்கு முன்னால் மூன்று பேர் நிற்கிறார்கள். தீட்சிதருக்கு அதற்குப் பின்னால் ஆகாயம் இருக்கிறது. தியாகராஜருக்கு அது தன் மனசின் அழுக்கு. பாரதியின் நந்தனாருக்கு அது ஊரும் சாதியும் சேர்ந்து போட்ட தடை. ஒரு சாதாரணத் துணித் திரையின் படம் எங்களை இவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனது. புதிர் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அப்புறம் சிங்கப்பூர் நண்பரின் மகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிற பெண், 'தெர தீயக ராதா' பாட்டின் சரணங்களை வைத்து இன்னொரு புதிரைப் படமாகவே வரைந்து அனுப்பினாள். தூண்டிலில் மாட்டிய மீன். மறைக்கப்பட்ட விளக்கு. சாப்பாட்டில் விழுந்த ஈ. வலையில் சிக்கிய மான்கள். நாலும் தியாகராஜர் அந்தப் பாட்டிலேயே சொல்லுகிற உவமைகள். பல்லவியை எத்தனையோ முறை கேட்ட எங்களில் பலர் சரணத்தை அன்றுதான் கவனித்துப் படித்தோம். அந்தச் சிறுமி வரைந்த ஈயை இன்றும் என் கைபேசியில் வைத்திருக்கிறேன். ருசித்துச் சாப்பிடும்போது இலையில் ஒரு ஈ விழுந்தால் எப்படி இருக்கும்? கடவுளைப் பார்க்க வந்த இடத்தில் மனசுக்குள் பொறாமை வந்தால் அப்படி இருக்கும் என்கிறார். இதைவிட எளிதாக யாரால் சொல்ல முடியும்?

கூகுள் லென்ஸ் பற்றி ஒரு வார்த்தை. கோயில் கோபுரத்தைப் படமெடுத்துப் போட்டால் அது ஒரு நொடியில் ஊர் பெயரைச் சொல்லிவிடும். அதனால்தான் நாங்கள் கோபுரத்தை விட்டு மாமரத்துக்குப் போனோம். ஒரு மாமரத்தைக் காட்டினால் எந்த இயந்திரமும் மாமரம் என்றுதான் சொல்லும். அதிலிருந்து மாமரத்தைக் குறிக்கும் 'மாகந்தம்' என்ற சொல்லுக்குப் போய், அங்கிருந்து பைரவிக்குப் போவது பாட்டுத் தெரிந்த மனசுக்குத்தான் முடியும்.

விடை சொல்வதிலும் எங்களுக்கு ஒரு விதி உண்டு. பெயரை எழுதினால் போதாது. அவருடைய முத்திரை, அதாவது பாட்டுக்குள் தன் அடையாளமாக அவர் வைக்கும் சொல், வருகிற வரியை, குரல் எப்படி இருந்தாலும், பாடிப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். தீட்சிதர் என்றால் 'குருகுஹ' வருகிற வரி. சியாமா சாஸ்திரிக்கு 'ச்யாமகிருஷ்ண', சுவாதித் திருநாளுக்கு 'பத்மநாப', முத்தையா பாகவதருக்கு 'ஹரிகேச', பாபநாசம் சிவனுக்கு 'ராமதாசன்'. தீட்சிதர் இதில் ஒரு படி மேலே போய் ராகத்தின் பெயரையும் சாகித்யத்துக்குள் ஒளித்து வைப்பார். 'வாதாபி கணபதிம்' முடியும் இடத்தில் 'ஹம்ஸத்வனி பூஷித ஹேரம்பம்' என்று வருகிறதே, கவனித்திருக்கிறீர்களா? இருநூறு வருஷத்துக்கு முன்பே அவர் நமக்குப் புதிர் போட்டுவிட்டார் என்றுதான் எனக்குத் தோன்றும். இந்த விதி வந்த பிறகு, வாயைத் திறந்தே பாடாத எங்கள் கணக்கு வாத்தியார் நண்பர்கூட சியாமா சாஸ்திரியின் 'ஹிமாத்ரி ஸுதே'யின் கடைசி வரியைத் தேடிப் பிடித்துக் கற்றுக்கொண்டு பாடி அனுப்பினார். ஸ்ருதி கொஞ்சம் முன்னே பின்னே இருந்தது. அதனால் என்ன?

பெயரை உடைத்துப் படமாக்குவதும் உண்டு. ஒரு முத்தும் ஆடும் நடராசரும் முத்துத்தாண்டவர். ஒரு ஊற்றும் ஒரு காடும் ஊத்துக்காடு வேங்கட கவி. குழந்தைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். ஆனால் மதிப்புக் குறைவாகப் படும் படம் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். வீணை குப்பையர் பெயருக்கு ஒருவர் என்ன படம் வைக்கப் பார்த்தார் என்று நீங்களே ஊகிக்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அவர் தியாகராஜரின் முதன்மையான சீடர்களில் ஒருவர். 'கோபாலதாச' என்று அவர் வைத்த முத்திரையிலிருந்து ஒரு புல்லாங்குழலும் பசுவும் எடுத்தாலே போதுமே.

நான் போட்டதில் எனக்குப் பிடித்தது ஒன்று சொல்கிறேன். இங்கிலாந்து அரசரின் கிரீடம், ஒரு கிளி, ஒரு வீணை. கிரீடத்தைப் பார்த்ததும் எல்லோரும் மேல்நாட்டு இசைக்காரர்களைத் தேடப் போனார்கள். விடை மறுபடியும் தீட்சிதர். இளம் வயதில் அவர் குடும்பத்தோடு சென்னைக்குப் பக்கத்திலுள்ள மணலியில் இருந்தார். சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் பாண்டு வாத்தியம் கேட்கக் கிடைத்தது. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் எழுதியவைதான் நோட்டுஸ்வரங்கள். அரசரைக் கடவுள் காக்கட்டும் என்ற அவர்களுடைய நாட்டுப் பாட்டின் மெட்டில் 'ஸந்ததம் பாஹிமாம் ஸங்கீத ச்யாமளே' என்று எழுதினார். ஆளும் அரசனை வாழ்த்துகிற மெட்டை எடுத்து, என்னை எப்போதும் காப்பாற்று தாயே என்று சங்கீதத்தின் தெய்வத்திடம் கொடுத்துவிட்டார். எனக்கு இதை நினைத்தால் இப்போதும் சிலிர்க்கிறது. அவருடைய தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதே சென்னையில் வயலினைக் கற்று நம் சங்கீதத்துக்குள் கொண்டுவந்தார். இன்று வயலின் இல்லாத வாய்ப்பாட்டுக் கச்சேரி எங்கே இருக்கிறது?

இப்போது எங்கள் குழு தமிழ் சாகித்யகர்த்தாக்கள் பக்கம் திரும்பியிருக்கிறது. மும்மூர்த்திகளுக்கு நூறு வழி கிடைக்கிறது, சீர்காழி அருணாசலக் கவிராயருக்குப் படம் தேடினால் எதுவும் அகப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தமான விஷயம். 1711இல் பிறந்து ராம நாடகக் கீர்த்தனைகளைப் பாடியவர். மும்மூர்த்திகளுக்கு மூத்தவர். அவருக்கும் பாட்டிலிருந்துதான் படம் எடுக்கிறோம். விழுந்து கிடக்கும் தாடகை, முறிந்த வில், காட்டுப் பாதை, கடைசியில் படுத்திருக்கும் ரங்கநாதர். 'ஏன் பள்ளி கொண்டீரய்யா' என்று மோகனத்தில் கேட்கிறார் இல்லையா, இந்தக் களைப்பா அந்தக் களைப்பா என்று? படங்கள் அந்தக் கேள்வியின் வரிசையிலேயே வரும். பாபநாசம் சிவன் போன்றவர்களுக்குப் புகைப்படமே இருக்கிறது, திரைப்படத்தில் நடித்த தோற்றம்கூட உண்டு. ஆனாலும் மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதியின் படத்தைப் போட்டு அவரைக் கேட்பதுதான் எனக்குப் பிடிக்கும். அந்த வீதியில் பஜனை பாடிக்கொண்டு நடந்தவர் அவர்.

நேயர்களே, கேட்பதோடு நிற்காமல் நீங்களும் ஒரு புதிர் போடுங்கள். உங்களுக்கு வரிகள் நன்றாகத் தெரிந்த ஒரு பாட்டை எடுங்கள். அதில் கண்ணுக்குத் தெரிகிற பொருள்கள் எவை என்று பாருங்கள், மூன்று படம் தேர்ந்தெடுத்து நண்பர்களுக்கு அனுப்புங்கள். இன்றைக்கு நான் கொண்டுவந்திருப்பது இது: ஒரு பாம்பு, ஒரு மருந்துக் குப்பி, சிதம்பரம் கோயில். சாகித்யகர்த்தாவின் பெயரை இந்த உரையிலேயே ஒரு முறை சொல்லியிருக்கிறேன். விடையைச் சொல்லாமல் விடைபெறுகிறேன், ஏனென்றால் நிலையத்தார் அடுத்து ஒலிபரப்பப் போகும் பாட்டுதான் அந்த விடை. வணக்கம்.