பேச்சு குறையும் முன்பே: ஏஎல்எஸ் வந்தவரும் அவரைக் கவனிப்பவரும்

[திரையில்: எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் இருவர். நடுவில் எழுத்துகள் ஒட்டிய ஒளிபுகும் பிளாஸ்டிக் அட்டை.]

வணக்கம். வீட்டில் ஏஎல்எஸ் நோயாளி ஒருவரைக் கவனித்துக்கொள்பவர்களுக்காக இந்த வீடியோ. உங்கள் ரிப்போர்ட்டில் எம்என்டி, அதாவது மோட்டார் நியூரான் நோய் என்று எழுதியிருந்தாலும் இது உங்களுக்குத்தான். உணவுக்குழாய், மூச்சுக் கருவி, படுக்கைப்புண் பற்றியெல்லாம் ஆஸ்பத்திரியில் சொல்லித் தருகிறார்கள். பேச முடியாமல் போனவரோடு எப்படிப் பேசுவது என்பதை மட்டும் பல வீடுகள் தாமாகவே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொள்கின்றன. பேச்சு இருக்கும்போதே இருவரும் உட்கார்ந்து அதைப் பழகிவிட வேண்டும் என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஏன் அவசரம்? தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பு செல்கள் இந்த நோயில் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. நாக்கு, உதடு, குரல்வளை, மூச்சுத் தசை என்று பேச்சுக்கு வேண்டிய எல்லாமே பலவீனமாகும். ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு நோய் தொடங்குவதே பேச்சிலும் விழுங்குவதிலும்தான். முதலில் வேகம் குறையும், அப்போதும் சொல்வது புரியும். அதனால் வீட்டில், ‘மெதுவா பேசினாலும் புரியுதே’ என்று இருந்துவிடுவார்கள். வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனதும் தெளிவு சீக்கிரமாகச் சரிந்துவிடும். ஆகவே பேச்சு மெதுவாகிறது என்று தெரிந்த அன்றே ஸ்பீச் தெரபிஸ்டைப் பாருங்கள்.

காது கேட்கும். பெரும்பாலோருக்குப் பேசுவது நன்றாகவே புரியும். சிலருக்கு யோசனையிலும் நடத்தையிலும் மாற்றம் வரலாம், அப்படித் தோன்றினால் டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணை அசைக்கும் தசைகளோ பெரும்பாலும் வெகுகாலம் தாக்குப்பிடிக்கின்றன. பேச்சு போன பிறகு நாம் நம்பப்போவது அந்தக் கண்களைத்தான்.

[திரையில்: டிவியை அணைக்கும் கை.]

முதலில், குரல் இன்னும் இருக்கிற காலம். டிவியையும் மிக்ஸியையும் நிறுத்துங்கள். அவர் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்காருங்கள். எதைப் பற்றி என்று முதலில் கேளுங்கள்: ‘பேங்க் விஷயமா? உடம்புக்கு ஏதாவதா?’ தலைப்பு தெரிந்தால் பாதி வார்த்தை புரிந்துவிடும். புரிந்த வரைக்கும் திருப்பிச் சொல்லுங்கள், அவர் மீதியை மட்டும் சொன்னால் போதும். புரியாதபோது புரிந்த மாதிரி தலையாட்டுவதுதான் மிகப் பெரிய துரோகம் என்பேன். அது அவருக்கு உடனே தெரிந்துவிடும், அடுத்த தடவை சொல்லவே முயல மாட்டார்.

பாதி வார்த்தையிலேயே ஊகித்து முடித்துவிடலாமா என்பதை அவரிடமே கேளுங்கள். சிலருக்கு அது உதவி. சிலருக்கு வாயிலிருந்து பிடுங்குவதுபோல இருக்கும்.

சிலருக்கு அடக்க முடியாமல் அழுகையோ சிரிப்போ வரும். மனதில் இருப்பதற்கும் அதற்கும் தொடர்பே இல்லாமல்கூட இருக்கலாம், அதுவும் இந்த நோயின் வேலைதான். அது அடங்கும்வரை இருந்து, பேச்சைத் தொடருங்கள். மருந்தும் உண்டு.

குரல் இருக்கும்போதே இன்னொன்றும் செய்யலாம். அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியங்களை அவர் குரலிலேயே பதிவு செய்து வைப்பது. பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் ஜான் காஸ்டெல்லோ இதை ‘மெசேஜ் பேங்கிங்’ என்று பரப்பினார். ‘தண்ணீர் வேண்டும்’ என்பதை எந்த மெஷினும் சொல்லும். ‘அட போடா’, ‘சாப்பிட்டியா கண்ணு?’, பேத்தியை மட்டும் கூப்பிடும் செல்லப்பெயர், இதையெல்லாம் பதிவு செய்யுங்கள். போன் போதும். காலையில், களைப்பு இல்லாத நேரத்தில்.

அடுத்து, ‘ஆம்’ ‘இல்லை’. கண்சிமிட்டலை நம்ப வேண்டாம், அது தானாகவும் நடக்கும். மேலே பார்த்தால் ஆம், பக்கவாட்டில் பார்த்தால் இல்லை என்று முடிவு செய்துகொள்ளலாம். ‘காபியா டீயா?’ என்று சேர்த்துக் கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. ஒவ்வொன்றாகக் கேளுங்கள். உங்களைக் கூப்பிட ராத்திரியில் அவருக்கு ஒரு வழி வேண்டும். இன்னும் அசைகிற ஏதோ ஒரு தசையால் அழுத்தக்கூடிய சுவிட்சை அழைப்பு மணியோடு இணைத்து வையுங்கள்.

[திரையில்: எழுத்து அட்டை, அருகில்.]

சரி, இப்போது அட்டை. இதே நோய் இருந்த விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங் 1985இல் மூச்சுக்குழாய் அறுவைக்குப் பிறகு பேச்சை இழந்தார். கணினி வருவதற்கு முன், இன்னொருவர் அட்டையில் சரியான எழுத்தைத் தொடும்போது புருவத்தை உயர்த்தித்தான் பேசினார். அமெரிக்க கிதார் கலைஞர் ஜேசன் பெக்கருக்கு இருபது வயதில் ஏஎல்எஸ் வந்தது. அவருடைய அப்பா கேரி பெக்கர் எழுத்துகளைக் கட்டங்களாகப் பிரித்து ஒரு முறையை உருவாக்கினார். முதல் பார்வை கட்டத்தைக் காட்டும், அடுத்த பார்வை அதற்குள் இருக்கும் எழுத்தைக் காட்டும். இப்படிக் கண்ணால் பேசியே ஜேசன் இசையமைத்துக்கொண்டிருக்கிறார். 2018இல் புது ஆல்பம் வெளியிட்டார்.

தமிழுக்கு 247 எழுத்தாச்சே என்று மலைக்க வேண்டாம். மெய் பதினெட்டும் உயிர் பன்னிரண்டும் போதும். நம் இலக்கணமே அவற்றை ஏற்கெனவே பிரித்து வைத்திருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். வல்லினம் ஆறு, மெல்லினம் ஆறு, இடையினம் ஆறு. குறில் ஐந்து, நெடில் ஏழு. ஔ-வைக் குறில் கட்டத்தில் போட்டுவிட்டால் அங்கும் ஆறு ஆறு. ஐந்து கட்டம் ஆயிற்று. ஆறாவதில் ஜ, ஸ, ஹ, அப்புறம் ‘வார்த்தை முடிந்தது’, ‘தப்பு’, ‘நீயே ஊகி’.

மேலே மூன்று கட்டம், கீழே மூன்று. கட்டத்துக்குள்ளும் எழுத்துகளை அதே வரிசையில் வையுங்கள். ‘முதுகு’ என்று சொல்ல வேண்டுமா? அவர் முதலில் மெல்லினக் கட்டம் இருக்கும் திசையைப் பார்ப்பார், பிறகு அந்தக் கட்டத்தில் ம இருக்கும் திசையை. நீங்கள் ‘ம’ என்று சத்தமாகச் சொல்லுங்கள், அவர் ‘ஆம்’ என்று கண் காட்டட்டும். அடுத்து குறில், உ. பிறகு வல்லினம், த. இதற்குள் நீங்களே ‘முதுகா?’ என்று கேட்டுவிடுவீர்கள். புள்ளியா அகரமா என்பது சூழலில் புரியும். தொடக்கத்தில் பொறுமையைச் சோதிக்கும். வரிசை மனப்பாடமானால் அட்டையே தேவைப்படாது. மின்வெட்டிலும் ஆம்புலன்சிலும் இது கைகொடுக்கும்.

கண் பார்வையால் இயங்கும் கணினி வாங்க முடிந்தால் வாங்குங்கள். அகச்சிவப்பு ஒளியை வைத்துக் கண் எங்கே பார்க்கிறது என்று கேமரா கணக்கிடும். மூளையில் மின்முனைகள் பொருத்தி, பேச முயலும்போது எழும் சமிக்ஞைகளைச் சொற்களாக மாற்றும் ஆய்வும் நடக்கிறது. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வில், ஏஎல்எஸ் உள்ள ஒருவருக்கு அது சுமார் 97 சதவீதம் சரியாக வேலை செய்தது. வீட்டுக்கு வர அதற்கு இன்னும் காலம் பிடிக்கும்.

பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அவர் தலைக்கு மேலே உங்களிடம், ‘சாப்பிடுறாரா?’ என்று கேட்பார்கள். ‘அவர்கிட்டயே கேளுங்க மாமா, கண்ணால சொல்வார்’ என்று சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

[திரையில்: கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் ஒட்டிய ஒரு தாள்.]

உங்களுக்குள் முடிவு செய்ததையெல்லாம் ஒரே தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள்: ஆம் எப்படி, இல்லை எப்படி, ஊகிக்கலாமா, அட்டை எங்கே இருக்கிறது. ஒரு நகலைத் தலைமாட்டில் ஒட்டுங்கள். இன்னொன்றை மெடிக்கல் ஃபைலில் முதல் பக்கமாக வையுங்கள். ஐசியூவில் உங்களை வெளியே நிறுத்தும்போது, உள்ளே இருக்கும் நர்ஸின் கையில் அந்தத் தாளும் அட்டையும் இருக்க வேண்டும்.