குனிந்து போகும் கோயில்

நேயர்களுக்கு வணக்கம். ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் பலரும் ஏரியில் படகு விட்டு, மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு இறங்கிவிடுகிறார்கள். இன்னும் கொஞ்சம் மேலே, 5,326 அடி உயரத்தில், சேர்வராயன் சாமி இருக்கிறார். மலை உச்சி என்றால் கூரான முகடு என்று நினைக்காதீர்கள். களம் போலச் சமதரை, புல்லும் காற்றும்தான்.

கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய நமக்கு, இங்கே குனிவதுதான் முதல் வேலை. கோயில் ஒரு குகை. சின்ன வயதில் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நுழைந்தது நினைவிருக்கிறது. வெளியே வெயில், உள்ளே சில்லென்று ஈரம். விளக்கு வெளிச்சத்துக்குக் கண் பழகிய பிறகுதான் சாமி தெரிந்தார். பக்கத்தில் காவேரி அம்மன்.

மலை மேல் காவேரிக்கு என்ன வேலை? இந்தக் குகை உள்ளுக்குள்ளேயே போய்க் காவேரி ஆற்றில் முடிகிறது என்பது ஊர் நம்பிக்கை. மண்ணியல் படித்தவர்கள் சிரிப்பார்கள். நீர் அரித்து நெடுந்தூரம் குகை போவதெல்லாம் சுண்ணாம்புப் பாறையில். இதுவோ சார்னோக்கைட் என்ற கெட்டியான பாறை, மேலே அலுமினியத் தாதுவான பாக்சைட் மண். சரிதான். ஆனால் வானம் தெளிந்த நாளில் ஏற்காட்டின் லேடீஸ் சீட் காட்சிமுனையில் நின்று பாருங்கள், மேற்கே மேட்டூர் அணை நீர் மின்னும். தினமும் அதைப் பார்த்து வாழ்ந்தவர்கள், அவளை உறவு கொண்டாடி வீட்டுக்குள் அழைத்துக்கொண்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

சேர்வராயன் இந்த மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களின் சாமி. கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் புறப்பட்டு வந்ததாக அவர்கள் கதை. பெரியண்ணன் இங்கே தங்கிவிட, மற்ற இருவரும் பச்சைமலை, கொல்லிமலைப் பக்கம் போனார்களாம். அதனால் அந்த மலைக்காரர்களும் இவர்களுக்குப் பங்காளிகள்தான். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்கள் மொத்தமும் மேலே ஏறிவிடும். கூட்டம் ஆகாதவர்கள் வேறு நாளில் போங்கள்.

அப்புறம் ஒன்று. உள்ளே போகும்போது எல்லாரும் ஜாக்கிரதையாகத்தான் குனிவார்கள். வெளியே வரும்போதுதான் மறந்துபோகும். நான் அன்றைக்கு நங்கென்று இடித்துக்கொண்டேன். பாட்டி என் தலையைத் தேய்த்துவிட்டபடி, "அழாதே சாமி, விபூதி வாங்காம ஓடினல்ல, அதான் கூப்பிடறாரு" என்றாள்.

திரும்பவும் குனிந்து உள்ளே போனோம்.