ஓடாமல் எடுக்கும் ரன்

நேயர்களுக்கு வணக்கம். மட்டையாளர் பந்தை எல்லைக்கோட்டுக்கு விரட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கிறார். கணக்கில் நாலு ரன் ஏறுகிறது. ஓடாதவருக்கு எப்படி ரன் என்று யாரும் கேட்பதில்லை. அந்தச் சொல் அவ்வளவு பழகிவிட்டது.

ஆக்ஸ்ஃபோர்டு பெரிய அகராதியில் அதிகப் பொருள் கொண்ட சொல்லாக 1989 பதிப்பில் இருந்தது ‘செட்’. பிறகு ‘ரன்’னைத் திருத்தி எழுதியபோது, வினைச்சொல்லாக மட்டுமே 645 பொருள் தேறி, அது முந்திக்கொண்டது. பீட்டர் கில்லிவர் என்ற பதிப்பாசிரியருக்கு அந்த ஒரு சொல்லோடு ஒன்பது மாதம் போயிற்று.

இதைத் தமிழில் மொழிபெயர்ப்பவர்கள் மலைக்க வேண்டாம். ஆறு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது. மூன்றுக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’தான். வழி எங்கே பிரிகிறது என்று பார்த்தால் போதும். மூக்கு அங்கே ஓடும், இங்கே ஒழுகும். தேர்தலில் அமெரிக்கர் ஓடுவார். பிரிட்டன்காரர் நம்மைப் போல நிற்பார்.

வம்பு வருவது ‘ஓட்டு’ என்பதில்தான். தானாக நடந்தால் ஓடு, ஒருவர் செய்தால் ஓட்டு என்று தமிழ் பிரித்து வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். அதை நம்பி, கம்பெனியை ‘ரன்’ செய்பவரை ‘கம்பெனியை ஓட்டுகிறார்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘குடும்பத்தை ஏதோ ஓட்டிக்கிட்டிருக்கேன்’ என்று ஒருவர் சொன்னால் அதில் எவ்வளவு அலுப்பு! ஆங்கிலச் சொல்லில் அந்த அலுப்பு கிடையாது, பொறுப்பும் அதிகாரமும்தான் உண்டு. ‘நடத்துகிறார்’ என்பதே பொருத்தம். (‘சும்மா ஓட்டாதே’ என்று கேலி செய்பவரிடம் சொல்வோமே, அதற்கு ‘ரன்’ உதவவே உதவாது.)

‘பேங்க் ரன்’ இன்னொரு பொறி. ‘வங்கி ஓட்டம்’ என்றால் வங்கியே ஊரைவிட்டு ஓடிவிட்டதுபோல இருக்கிறது. பிரிட்டனில் 2007 செப்டம்பரில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளுக்கு வெளியே, போட்ட பணம் போய்விடுமோ என்ற பயத்தில் வாடிக்கையாளர்கள் வரிசை கட்டினார்கள். அதுதான் ‘ரன்’. பணம் எடுக்க மொய்த்தார்கள் என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

பின்னால் ஒட்டும் குட்டிச் சொற்களிலும் கவனம் வேண்டும். ‘ரன் இன்டு’ என்றால் ஒருவரைத் தற்செயலாகச் சந்திப்பது. ‘ரன் ஓவர்’ என்றால் அவர்மேல் வண்டியை ஏற்றுவது. நண்பரைப் பார்த்த கதையைச் சொல்லும்போது இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.