கேபிள் சொருகியாச்சு, போன் இப்போ எந்த நிலையில இருக்கு?

எல்லாருக்கும் வணக்கம். போனை ரூட் பண்றது, அதாவது போனோட முழு அதிகாரத்தையும் நம்ம கைக்கு கொண்டுவர்றது, கஸ்டம் ரோம், அதாவது கம்பெனி கொடுத்ததுக்கு பதிலா வெளியாட்கள் செஞ்ச ஆண்ட்ராய்டைப் போடறது, இதைப் பத்தி பேசுங்கன்னு நிலையத்துல கேட்டாங்க. எந்த கமாண்ட் அடிக்கணும், எந்த ஃபைலை டவுன்லோட் பண்ணணும்னு சொல்ற வீடியோ ஏகப்பட்டது கிடக்கு, அதை நான் இங்க திருப்பிச் சொல்லப் போறதில்ல. கமாண்ட் அடிக்கறதுக்கு முன்னாடி போன் இப்போ எந்த நிலையில இருக்குன்னு பாக்கத் தெரியணும், அதைப் பத்தி மட்டும் பேசறேன். ஏன்னா பாதி பேருக்கு வேலை கெட்டுப்போறது கமாண்ட்ல இல்லைங்க, இங்கதான்.

யூஎஸ்பில எதைச் சொருகினாலும் அது கம்ப்யூட்டர்கிட்ட ரெண்டு நம்பர் சொல்லும், ஒண்ணு கம்பெனி நம்பர், இன்னொண்ணு பொருளோட நம்பர். கூகுள் பிக்ஸல் போன் நார்மலா ஓடிக்கிட்டு, கம்ப்யூட்டர்ல இருந்து கமாண்ட் வாங்கிக்கற டீபக்கிங் ஆன்ல, ஃபைல் டிரான்ஸ்ஃபர் இல்லாம இருக்கும்போது பொருள் நம்பரா 4ஈஈ7ன்னு சொல்லும், அதே போனை பூட்லோடருக்கு, அதாவது ஆண்ட்ராய்டை எழுப்பி விடற சின்ன புரோகிராமுக்கு, கொண்டுபோனா 4ஈஈ0ன்னு சொல்லும். கைல இருக்கறது ஒரே போன்தான், ஆனா விண்டோஸைப் பொறுத்தவரைக்கும் பழைய ஆள் போயிட்டான், யாரோ புது ஆள் வந்திருக்கான், அவனுக்குத் தனியா டிரைவர் வேணும். ஏடிபிங்கறது ஓடிக்கிட்டிருக்கற போனுக்கு கம்ப்யூட்டர்ல இருந்து கமாண்ட் அனுப்பற டூல், ஃபாஸ்ட்பூட்ங்கறது போன் பூட்லோடர்ல இருக்கும்போது கமாண்ட் அனுப்பற டூல், அந்த நிலைக்கும் அதே பேர்தான். இப்பதான் ஏடிபி நல்லா வேலை செஞ்சுது, ஃபாஸ்ட்பூட்டுக்கு போனதும் போனையே காணோம்னு சொல்லுதேன்னு புலம்பறவங்க எல்லாரும் போய் டிவைஸ் மேனேஜரைத் திறந்து பாருங்க, மஞ்சள் குறி போட்டு ஏதோ ஒண்ணு உக்காந்திருக்கும்.

ஏடிபி டிவைசஸ்னு அடிச்சா போனோட சீரியல் நம்பர் பக்கத்துல ஒரு வார்த்தை வரும், முக்காவாசி பேர் நம்பர் வந்துடுச்சுன்னு சந்தோஷப்பட்டுட்டு அந்த வார்த்தையைப் படிக்கறதே இல்ல. டிவைஸ்னு வந்தா இணைப்பு சரியா இருக்கு, அவ்வளவுதான், ஆண்ட்ராய்டு முழுசா எழுந்து உக்காந்துடுச்சுன்னு அதுக்கு அர்த்தம் இல்ல. அன்ஆத்தரைஸ்டுன்னு வந்தா கம்ப்யூட்டர்ல மண்டையை உடைச்சுக்க வேண்டாம், போன் ஸ்க்ரீனைப் பாருங்க, இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமான்னு ஒரு கேள்வி அங்க காத்துக்கிட்டிருக்கும். 2013ல ஆண்ட்ராய்டு 4.2.2ல வந்த பாதுகாப்பு இது, ஸ்க்ரீன் லாக்கை எடுத்துட்டு ஓகே கொடுத்தாதான் உள்ள விடும், அதனாலதான் டிஸ்ப்ளே உடைஞ்ச போன்ல இருந்து ஏடிபி வழியா போட்டோ எடுக்கலாம்னு நினைக்கறவங்க பெரும்பாலும் இங்கயே மாட்டிக்கறாங்க. சைட்லோட்னு வந்தா போன் ரெகவரிங்கற பழுதுபாக்கற நிலையில அப்டேட் ஜிப் ஃபைலுக்காக காத்துக்கிட்டிருக்கு, மத்த கமாண்டெல்லாம் பெரும்பாலும் செல்லாது. லினக்ஸ்ல நோ பர்மிஷன்ஸ்னு வந்தா பிரச்சனை உங்க சிஸ்டத்துலதான், போன் மேல பழி போடாதீங்க.

போன் ஃபாஸ்ட்பூட்ல இருக்கும்போது ஏடிபி டிவைசஸ் அடிச்சா வெறும் காலி லிஸ்ட்தான் வரும், அங்க ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்னு அடிக்கணும். வெயிட்டிங் ஃபார் எனி டிவைஸ்னு நிக்கறப்போ அது எர்ரர் இல்லைங்க, ஆளைக் காணோம், வந்ததும் வேலையை ஆரம்பிக்கறேன்னு சொல்லுது. அவசரப்பட்டு வேற போனை சொருகிடாதீங்க, அதுவும் ஃபாஸ்ட்பூட்ல இருந்துச்சுன்னா காத்திருந்த கமாண்ட் அதுல ஓடிடும்.

இதுல இன்னொரு குழப்பம் ஆண்ட்ராய்டு 10ல வந்துச்சு. சிஸ்டம், வெண்டர்னு ஸ்டோரேஜைப் பிரிச்சு வச்ச பார்ட்டிஷனையெல்லாம் சூப்பர்ங்கற ஒரே பெரிய இடத்துக்குள்ள போட்டுட்டாங்க, பூட்லோடர்ல இருக்கற ஃபாஸ்ட்பூட்டுக்கு அதை உள்ள பிரிச்சுப் பாக்கத் தெரியாது, அதனால ஃபாஸ்ட்பூட்டி-ன்னு ரெண்டாவது ஒரு நிலை, கடைசியில ஒரு டி எக்ஸ்ட்ரா. கம்ப்யூட்டர்ல அடிக்கற கமாண்ட் ரெண்டுக்கும் ஒண்ணுதான், வித்தியாசம் சட்டுன்னு தெரியறது போன் ஸ்க்ரீன்லதான். சிஸ்டம் இமேஜ், அதாவது சிஸ்டம் பார்ட்டிஷன்ல போடற ஃபைல், ஏறமாட்டேங்குது, அப்படி ஒரு பார்ட்டிஷனே இல்லைங்குதுன்னு சொன்னா முதல்ல அந்த டி இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா ஃபாஸ்ட்பூட் ரீபூட் ஃபாஸ்ட்பூட்னு அடிங்க, கேக்க கிறுக்குத்தனமா இருக்கும், ஆனா கமாண்டே அதுதான்.

சாம்சங்ல பூட்லோடர்ல பொதுவா ஃபாஸ்ட்பூட் கிடையாது, அதுக்கு பதிலா டவுன்லோட் மோட்தான், கம்ப்யூட்டர்ல ஓடின்ங்கற பேர்ல ஒரு சாஃப்ட்வேர். அந்த ஸ்க்ரீன்ல மூலையில பொடி எழுத்துல சில வரிகள் ஓடும், அதைப் படிக்காம யாரும் ஸ்டார்ட் பட்டனைத் தொடாதீங்க, ஓஇஎம் லாக், அதாவது பூட்லோடர் பூட்டு, ஆன்ல இருக்கா ஆஃப்ல இருக்கா, நாக்ஸ்ங்கற சாம்சங் பாதுகாப்போட வாரன்டி 0வா 1ஆன்னு எல்லாம் அங்கயே இருக்கு. அந்த 0 ஒரு தடவை 1 ஆயிடுச்சுன்னா சிப்புக்குள்ள ஒரு ஃப்யூஸ் போயிடுச்சுன்னு அர்த்தம், பழைய ஒரிஜினல் சாஃப்ட்வேரையே திருப்பிப் போட்டாலும் 0 ஆகாது, ரகசிய ஃபைல்களைப் பூட்டி வைக்கற செக்யூர் ஃபோல்டர் மாதிரி சில வசதிகள் அந்த போன்ல அதோட போச்சு.

ஸ்க்ரீன் கருப்பா இருக்கு, எந்த பட்டனுக்கும் அசையல, செத்துப்போச்சுன்னு சொல்ற போன்ல சிலது சாகவே இல்ல. குவால்காம் சிப் போனா இருந்தா கம்ப்யூட்டர்ல சொருகிப் பாருங்க, கியூடிலோடர் 9008னு ஒரு பேர் வந்தா சிப்போட அடிமட்ட கோட் உயிரோட இருக்கு, யாராவது லோடர் ஃபைல் கொடுப்பாங்களான்னு கேட்டுக்கிட்டிருக்கு. அந்த ஃபைல் கம்பெனி கையெழுத்து போட்டதா இருக்கணும், அது வேற தலைவலி. ஐபோன்லயும் இதே கதைதான், கேபிள் படம் தெரிஞ்சா ரெகவரி, ஒண்ணுமே தெரியாம கம்ப்யூட்டர் மட்டும் கண்டுபிடிச்சா டிஎஃப்யூ. 2019ல வந்த செக்எம்8 ஓட்டை வேலை செஞ்சது அந்த டிஎஃப்யூ நிலையிலதான், ஐபோன் 4எஸ்ல இருந்து ஐபோன் எக்ஸ் வரைக்கும், சிப்புக்குள்ளயே எரிச்சு வச்ச கோட்ல ஓட்டை இருந்ததால ஆப்பிள் எந்த அப்டேட்லயும் அதை அடைக்க முடியல.

ஒரே க்ளிக்ல ரூட்னு வர்ற டூல்கள் எனக்கு பிடிக்காம போனதுக்கு காரணமே, இந்த வார்த்தைகளையெல்லாம் மறைச்சுட்டு ஒரு பச்சை பட்டனை மட்டும் காட்டறாங்க.

கடைசியா லாக் விஷயம், இதை நிதானமா கேளுங்க. பூட்லோடரை அன்லாக் பண்ணா டேட்டா முழுக்க அழியும், திருடினவன் அன்லாக் பண்ணி உங்க போட்டோவைப் பாக்கக்கூடாதுன்னுதான் அப்படி வச்சிருக்காங்க. அன்லாக் ஆன போன் ஆன் ஆகும்போது ஒவ்வொரு தடவையும் ஆரஞ்சு எச்சரிக்கை காட்டும், அது பாக்க அசிங்கமா இருக்குன்னு சிலர் உள்ள மாத்தின சாஃப்ட்வேர் இருக்கும்போதே திரும்ப லாக் பண்ணிடறாங்க. அப்போ போன் செக் பண்ணி, இது கம்பெனி கையெழுத்து இல்லைன்னு சொல்லி சிவப்பு நிலைக்கு போயிடும், பூட் ஆகாது. செட்டிங்ஸ்ல அன்லாக் பண்ண அனுமதி கொடுக்கற ஓஇஎம் அன்லாக்கிங்ங்கற சுவிட்சும் ஆஃப்ல இருந்துச்சுன்னா மறுபடி அன்லாக்கும் பண்ண முடியாது, அதை ஆன் பண்ணணும்னா போன் பூட் ஆகணும், பூட் ஆகணும்னா அன்லாக் ஆகணும். அதனால லாக் பண்றதுக்கு முன்னாடி ஒரிஜினல் சாஃப்ட்வேரை முழுசா போட்டு ஒரு தடவை ஆன் பண்ணிப் பாருங்க, ஃபாஸ்ட்பூட் ஃப்ளாஷிங் கெட் அன்லாக் எபிலிட்டின்னு ஒரு கமாண்ட் இருக்கு, அதுக்கு 1னு பதில் வருதான்னும் பாத்துக்கோங்க, 0ன்னு வந்தா லாக் கமாண்டை அன்னைக்கு அடிக்காதீங்க. நன்றி, வணக்கம்.