கோப்பை கதைக்காது!

நடுவர் ஐயாவுக்கும் சபைக்கும் வணக்கம். நீட்டி வணக்கம் சொன்னால் உங்கட கையிலை இருக்கிற கச்சான் முடிஞ்சிடும், நேரை வாறன்.

வெளிநாட்டிலை எங்கட சனத்தை வேலையிலை நிமிர்த்தினது படிப்போ, பாசையோ? எங்கட அணி பாசை. எதிரணி அண்ணர் கேட்டிட்டுப் போனார்: "கோப்பை கழுவ என்ன பாசை? கோப்பை கதைக்குமோ?" நல்லாய்க் கை தட்டினியள். நானும் தட்டினன்.

அண்ணை, கோப்பை கதைக்காது. குசினிக்காரன் கதைப்பான்!

என்ரை சித்தப்பா 1986 இலை சூரிச்சிலை ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினிக்குப் போனவர். ஊரிலை ஆர்? உரும்பிராய்ச் செம்மண்ணிலை உருளைக்கிழங்கு போட்ட குடும்பம். அங்கை பின்னேரத்திலை ஜேர்மன் வகுப்பு. உருளைக்கிழங்குக்குக் 'கார்டொஃபெல்' எண்டு கொப்பி நிறைய எழுதிப் பாடமாக்கினவர். 'ஹேர்ட்' எண்டால் அடுப்பு. 'டொப்ஃப்' எண்டால் சட்டி.

அடுத்த நாள் பெரிய குக் கத்திறான்: "ஹேர்டொப்ஃபெல்!"

சித்தப்பா யோசிச்சார். ஹேர்ட், அடுப்பு. டொப்ஃப், சட்டி. அடுப்பிலை கொதிச்ச சூப்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அவன் திரும்பவும் "ஹேர்டொப்ஃபெல்!" இவர் அடுத்த சட்டியையும் தூக்கினார். மூண்டாந்தரம் கத்தேக்கை அடுப்பிலை சட்டியே இல்லை. இனி அடுப்பைத்தான் பிடுங்க வேணும்!

கடைசியிலை அவனே சாக்குக்குள்ளை கை விட்டு, ஒண்டை எடுத்து மூக்குக்கு முன்னாலை நீட்டினான். உருளைக்கிழங்கு, ஐயா! உருளைக்கிழங்கு! கொப்பியிலை எழுதிற ஜேர்மன் வேறை, சுவிஸ்காரன் வாயிலை வாற ஜேர்மன் வேறை. கிழங்கோடை பிறந்து கிழங்கோடை வளந்த மனிசனுக்குக் கிழங்கின்ரை பேர் தெரியாமல் அண்டைக்கு வேலை போகப் பாத்தது.

இனிப் படிப்புக்கு வருவம். டொக்டர் படிப்பு சின்னப் படிப்போ? ஜேர்மனியிலை வெளிநாட்டு டொக்டரும் மருத்துவ மொழிச் சோதினையைச் சி1 எண்ட உயர்ந்த மொழித் தரத்திலை பாஸ் பண்ண வேணும். எங்கட பூட்டன்மார் மலாயா றெயில்வேயிலை ஸ்டேசன் மாஸ்டராய் இருந்ததும் பாசையாலைதான். 1823 இலை வட்டுக்கோட்டையிலை செமினரி திறந்த அமெரிக்க மிசன்காரர் விதைச்ச இங்கிலிஸ் அது. அந்தப் பென்சன் காசிலை கட்டின கல்வீடுகள் இண்டைக்கும் நிக்குது. 'இங்கிலிசும் படிப்புத்தானே' எண்டு எதிரணியிலை ஆரோ முணுமுணுக்கினம். எனக்குக் கேக்கேல்லை.

சித்தப்பா பிறகு அதே குசினியிலை பெரிய குக்காய் வந்தார். கோப்பை கழுவ ஒரு எரித்திரியாப் பெடியன் வந்தான். முதல் நாள் அவன்ரை கையிலை ஒரு கிழங்கை வைச்சுத்தான் இவர் பேர் சொல்லிக் குடுத்தவராம். கத்தேல்லையாம்.

அப்பம்மா கடைசிக் காலத்திலை படுத்த படுக்கை. சித்தப்பா அகதி அட்டையோடை இருந்தவர், ஊருக்கு வரேலாது. அவ போடுற எல்லாக் காயிதத்திலையும் கடைசி வரி ஒண்டுதான்: "தம்பி, அங்கை உன்னோடை கதைக்க ஆர் இருக்கினம்?" கனகாலமாய் அதுக்கு மட்டும் இவர் பதில் எழுதேல்லை. ஒருநாள் எழுதினார்: "இப்ப எல்லாரும் கதைக்கினம் அம்மா. பகிடியும் விடுகினம்."

அந்தக் காயிதம் வந்த அண்டைக்கு அப்பம்மாவின்ரை எட்டுச்செலவு. படத்துக்கு முன்னாலை இருந்து நான்தான் வாசிச்சனான்.

மணி கேட்டது, நடுவர் ஐயா. இறங்கிறன்.