ஒரு சொல்லும் கதையாத மனிசன்

வணக்கம். நான் கிளிநொச்சியில இருந்து கதைக்கிறன். முப்பது வருசத்துக்கு மேல பள்ளிக்கூடங்களில சித்திரம் படிப்பிச்சவன். இந்த ரேடியோ நிகழ்ச்சிக்கு கூப்பிட்ட தம்பி என்னட்ட கேட்டது, சேர் எங்கட வன்னிப் பிள்ளையள் படம் கீறுறதைப் பற்றி ஒரு கால் மணித்தியாலம் கதையுங்கோ எண்டு. நானும் ஓமெண்டு எல்லாம் எழுதி வச்சிட்டன். ஆனா போன திங்கக்கிழமை, 2015 ஜனவரி 26, இந்தியாவில குடியரசு நாள், அண்டைக்கு பின்னேரம் பூனாவில இந்தியாவின்ர பெரிய கார்ட்டூன்காரர் ஆர்.கே. லக்ஷ்மன் காலமாயிட்டார். 93 வயசு. கேள்விப்பட்ட உடன தம்பிக்கு ஃபோன் எடுத்து, நான் இவரைப் பற்றித்தான் கதைக்கப் போறன், பிள்ளையளின்ர கதையும் அதுக்குள்ள வரும் எண்டு சொல்லிப்போட்டன்.

கன பேருக்கு பேர் தெரியாட்டியும் அவர் கீறின படத்தை கட்டாயம் பாத்திருப்பியள். எண்பதுகளில அன்ரனாவை பனை உயரத்துக்கு தூக்கி தூரதர்ஷன் பாத்த ஆக்களுக்கு மால்குடி டேஸ் எண்டொரு நாடகம் ஞாபகம் இருக்கும், அதில வாற படங்கள் அவர் கீறினது. கதை எழுதினது அவற்ற தமையன் ஆர்.கே. நாராயண். பெயின்ற் வாளியோட தலைமயிர் நெத்தியில விழ நிக்கிற ஒரு குழப்படிப் பெடியன், ஏசியன் பெயின்ற்ஸ் விளம்பரத்தில வந்த 'கட்டு' எண்ட பெடியன், அதுவும் இவற்ற கைதான். ஆனா இதுகளை விடுங்கோ. அவர் பெரியாள் ஆனது ஒரு சின்னப் பெட்டிப் படத்தால. டைம்ஸ் ஒஃப் இந்தியா பேப்பரில, யூ செட் இட் எண்டு 1951ல தொடங்கி அம்பது வருசத்துக்கு மேல வந்தது. ஒரு கொலம் அகலம், உள்ளங்கையளவு இடம், அவ்வளவுதான்.

அந்தப் பெட்டிக்குள்ள ஒரு மனிசன் நிக்கிறார். ரேடியோவில படம் காட்டேலாது, ஆனா காட்டத் தேவையும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கோ. வயசு போன ஆள். நடுமண்டை வழுக்கை, பின்பக்கமா கொஞ்சம் வெள்ளை மயிர் பஞ்சு மாதிரி. வட்டக் கண்ணாடி. மூக்குக்கு கீழ நரைச்ச மீசை. வேட்டி, மேல கட்டம் போட்ட ஒரு கோட். எங்கட ஊரில பென்சன் எடுக்க கச்சேரிக்கு வெளிக்கிடுற பழைய தலைமை வாத்தியார் எப்பிடி, அப்பிடி. இந்த மனிசன் ஒவ்வொரு நாளும் அந்தப் பெட்டிக்குள்ள வந்து நிண்டிருக்கிறார். மந்திரி கூட்டத்தில பேசுவார், இவர் மூலையில நிப்பார். வெள்ளம் வந்த ஊருக்கு அதிகாரி ஜீப்பில வருவார், இவர் பின்னால நிப்பார். எல்லாரும் கதைப்பினம். இவர் மட்டும் ஒரு சொல்லும் கதைக்க மாட்டார். அம்பது வருசத்தில ஒரு சொல்லும் இல்லை. அவற்ற மனிசி சில படங்களில வந்து நல்லா கேள்வி கேப்பா, ஆனா இவர் இல்லை.

முதல் லக்ஷ்மன் இவரை மட்டும் கீறேல்ல. இந்தியா எண்டா வங்காளி ஒருத்தர், தமிழர் ஒருத்தர், பஞ்சாபி ஒருத்தர் எண்டு எல்லாரையும் போட்டுத்தான் கீறத் தொடங்கினவர். பேப்பர் வேலை, பின்னேரத்துக்குள்ள படம் குடுக்க வேணும், அவ்வளவு பேரையும் கீற நேரம் காணாது. அப்ப ஒவ்வொருத்தரா குறைச்சுக் குறைச்சு கடைசியில மிஞ்சினவர்தான் இந்த ஒராள். நேரம் காணாததால பிறந்த மனிசன். பிறகு அவருக்கு தபால் முத்திரை வந்தது, வெண்கலத்தில சிலை வச்சவை. லக்ஷ்மன் செத்த பிறகு அவற்ற உடலை பூனாவில அந்த சிலை நிக்கிற வளவுக்குள்ள கொண்டு போய் வச்சுத்தான் சனம் அஞ்சலி செலுத்தினது. அதைப் படிச்ச நேரம் எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு.

நான் இவரை எப்பிடி கண்டனான் எண்டு சொல்ல வேணும். நாங்கள் அப்ப மாங்குளத்துக்கு கிட்ட இருந்தனாங்கள். அப்பாட சிநேகிதர் ஒருத்தர் தலைமன்னாரில கப்பல் ஏறி இராமேஸ்வரம் போய், அங்கால பம்பாய் வரைக்கும் போய் வந்தவர். வரேக்க அம்மாவுக்கு ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. அது உடையாம நசியாம வர பேப்பரால சுத்தோ சுத்தெண்டு சுத்திக் கிடந்தது. எல்லாரும் விளக்கைப் பாத்தினம், நான் பேப்பரைப் பாத்தன். இங்கிலீஷ் எனக்கு அந்தளவுக்கு ஓடாது. ஆனா கசங்கின தாளின்ர மூலையில அந்த கட்டம் போட்ட கோட் மனிசன். பிரஷ் கோடு, ஒரு இடத்தில மொத்தமா வந்து அப்பிடியே மெலிஞ்சு போகும், வேட்டியின்ர மடிப்பு மூண்டே மூண்டு கோடு, அதுக்குள்ள அந்தாள் களைச்சுப் போய் நிக்கிறது தெரியும். நான் தாளை மடியில வச்சு உள்ளங்கையால தேச்சு தேச்சு நிமித்தி கொப்பிக்குள்ள வச்சனான். அந்த தாள் 1990 வரைக்கும் என்னட்ட இருந்தது. பிறகு இடம்பெயர்வு, எந்த இடம்பெயர்வில போனது எண்டு கூட சொல்லத் தெரியேல்ல.

லக்ஷ்மன் மைசூர்க்காரர். 1921ல பிறந்தவர். சின்னனில வீட்டு நிலம், சுவர், கதவு ஒண்டும் விட மாட்டாராம், கீறல்தான். ஒருநாள் பள்ளிக்கூடத்தில வாத்தியார் எல்லாரையும் ஒரு இலை கீறச் சொல்ல, இவர் அரசமிலை கீறியிருக்கிறார். வாத்தியார் பாத்திட்டு நீ ஒரு காலத்தில ஓவியனாத்தான் வருவாய் எண்டாராம். நான் வாத்தியாரா இருந்தபடியா எனக்கு இந்த இடம் பெரிசு. ஒரு இலை, ஒரு வாத்தியாரின்ர ஒரு சொல். பிறகு பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பம் போட, உன்ர படத்தில எங்களுக்கு வேண்டிய திறமை இல்லை எண்டு திருப்பி விட்டவை. கன வருசம் கழிச்சு அதே பள்ளிக்கூடம் அவரை விருந்தாளியா கூப்பிட்டது. பிள்ளையளுக்கு இதை நான் எத்தினை தரம் சொல்லியிருப்பன் எண்டு கணக்கில்லை. இன்னொண்டு, டேவிட் லோ எண்டு லண்டனில பெரிய கார்ட்டூனிஸ்ட் ஒருத்தர், அவற்ற படங்களை லக்ஷ்மன் சின்னனில விழுந்து விழுந்து பாத்தவர், ஆனா கையெழுத்தில இருந்த லோ எண்டதை கௌ, அதாவது மாடு, எண்டுதான் கன காலம் வாசிச்சவராம். பேர் விளங்கேல்ல, கோடு விளங்கியிருக்கு.

சரி, இப்ப காகத்துக்கு வாறன். தம்பி என்னை மன்னிக்க வேணும், காகத்தை விட்டிட்டு லக்ஷ்மனைப் பற்றிக் கதைக்க எனக்கு ஏலாது.

அவருக்கு காகம் எண்டா உயிர். மயிலைக் கீற ஆயிரம் பேர் இருக்கினம், அவர் காகத்தைக் கீறினார். சின்னனில தொடங்கி கடைசி மட்டும். 2003ல பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்த பிறகும் வலக்கையால கீறினவர். எங்கட ஆக்களுக்கு காகம் புதுசில்லை, சனிக்கிழமை விரதமெண்டா சோத்தை வச்சிட்டு கா கா எண்டு கூப்பிட்டு அது வந்து தொட்ட பிறகுதான் நாங்கள் சாப்பிடுறது. ஆனா ஆர் அதை நிண்டு பாக்கிறம்?

2009. யுத்தத்தில இடம்பெயர்ந்த சனத்தை வச்சிருந்த செட்டிகுளம் முகாம். அங்க இருந்த ஆக்களுக்கு நான் ஒண்டும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தறப்பாள், வெய்யில், தண்ணிக்கு லைன், சாப்பாட்டுக்கு லைன், கக்கூசுக்கு லைன். மரத்துக்கு கீழ பிள்ளையளை இருத்திப் படிப்பிக்கத் தொடங்கினம். கொப்பி இல்லை, பென்சில் இல்லை. அடுப்புக் கரி இருந்தது, நிவாரணச் சாமான் வந்த மட்டைப்பெட்டியள் இருந்தது. பெட்டியைப் பிரிச்சு உள்பக்கத்தில கரியால கீறச் சொன்னன். என்ன கீறுறது சேர் எண்டு கேட்டுதுகள். வீடு எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. அம்மா எண்டு சொல்லேலாது, அதில சில பிள்ளையளுக்கு அம்மா இல்லை. மேல பாத்தன், முகாமுக்குள்ள வேலியைத் தாண்டி வந்து போற ஒரே சீவன் காகம்தான். காகத்தைக் கீறுங்கோ எண்டன்.

எல்லாம் கீறினது நாங்கள் படிச்ச பாட்டியும் வடையும் காகம், பக்கவாட்டா, வாயைத் திறந்துகொண்டு. ஒரு பிள்ளை, ஒன்பது பத்து வயசிருக்கும், கீறாம இருந்தது. மூண்டு நாள் மட்டையை மடியில வச்சுக்கொண்டு சும்மா இருந்தது. நான் பேசேல்ல, பிள்ளையளைப் பேசுற காலமா அது. நாலாம் நாள் குனிஞ்சு ஒரே மூச்சில கீறினது. சமைக்கிற இடத்து கிடாரத்தின்ர விளிம்பில காகம் குந்தியிருக்கு, தலையை ஒரு பக்கமா சரிச்சு, ஒரு கண்ணால எங்களையே பாக்குது. கழுத்துப் பக்கம் கரியை சும்மா விரலால தேச்சு விட்டிருக்கு, ஏனெண்டா எங்கட காகத்துக்கு கழுத்து சாம்பல்தானே, முழுக் கறுப்பில்லையே, அதை அந்தப் பிள்ளை கவனிச்சிருக்கு. மூண்டு நாளும் அது சும்மா இருக்கேல்ல, பாத்துக்கொண்டு இருந்திருக்கு.

அண்டைக்குத்தான் நான் அந்த மரத்துக்கு கீழ பிள்ளையளுக்கு லக்ஷ்மன்ர கதையைச் சொன்னன். பிள்ளையள், பம்பாயில ஒரு தாத்தா இருக்கிறார், உலகத்தில பெரிய கார்ட்டூன்காரர், அவருக்கும் காகம்தான் பிடிக்கும் எண்டு. அந்தப் பிள்ளை கேட்டது, அவர் எங்களை மாதிரி லைனில நிண்டவரோ சேர் எண்டு. நான் சொன்னன், அவர் நிண்டாரோ தெரியாது அம்மா, அவர் கீறின மனிசன் வாழ்க்கை முழுக்க லைனிலதான் நிண்டவர் எண்டு.

இதைத்தான் நான் சொல்ல வந்தது. அந்த மனிசன் ஏன் கதைக்கேல்ல எண்டு வெளிநாட்டு ஆக்கள் கேப்பினம், எங்களுக்கு விளங்கும். விதானையாரின்ர கந்தோரில, கச்சேரியில, முகாம் வாசலில, கூட்டத்துக்கு ஆள் வந்து மைக்கில பேசேக்க பின் வரிசையில, நாங்கள் எத்தினை வருசம் வாயைத் திறக்காம நிண்டிருக்கிறம். அதைப் பாத்து எங்களுக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைச்சவை இருக்கினம். ஆனா அந்தக் கண்ணாடிக்குள்ள இருக்கிற கண்ணைப் பாருங்கோ, அது எல்லாத்தையும் பாத்துக்கொண்டிருக்கு, ஒண்டையும் விடேல்ல. லக்ஷ்மன்ர ஒரு படம் எல்லாருக்கும் தெரிஞ்சது, சந்திரனுக்கு அனுப்ப ஆள் தேடி விஞ்ஞானியள் இந்த மனிசனைக் கண்டுபிடிச்சு, இவர்தான் சரியான ஆள், தண்ணி இல்லாம, சாப்பாடு இல்லாம, வெளிச்சம் இல்லாம, இருக்க இடம் இல்லாம சீவிப்பார் எண்டு சந்தோசப்படுவினம். இந்தியாவில அதைப் பாத்து சிரிச்சிருப்பினம். நான் அந்தப் படத்தை திரும்பப் பாத்தது 2011ல, கூரை இல்லாத எங்கட வீட்டுச் சுவருக்கு தறப்பாள் கட்டிப்போட்டு அதுக்குள்ள இருந்துகொண்டு. என்ர மனிசி எட்டிப் பாத்திட்டு, இது எங்கட பக்கத்து ஆள் எண்டா.

தம்பி கண்ணாடிக்கு அங்கால இருந்து இரண்டு விரல் காட்டுறார், இரண்டு நிமிசம்தான். நான் எங்கட ஆக்களைப் பற்றி நிறைய வச்சிருந்தனான், கெதியாச் சொல்லுறன்.

இந்தக் கிழமைக்குள்ள இன்னொரு நாளும் வந்து போனது. 2010 ஜனவரி 24, பிரகீத் எக்னெலிகொட, சிங்களப் பத்திரிகையாளர், கார்ட்டூனும் கீறினவர், வெளிக்கிட்டுப் போனவர் வீட்டை திரும்பி வரேல்ல. அஞ்சு வருசம். அவற்ற மனிசி சந்தியா படத்தை கையில பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. வன்னியில காணாமல் போன பிள்ளையளின்ர படத்தோட நிக்கிற அம்மாக்களுக்கு அந்த நிலை என்னெண்டு நான் சொல்லத் தேவையில்லை.

மற்றது எங்கட சிரித்திரன் சுந்தர். கரவெட்டிக்காரர், அவரும் பம்பாயில படிச்சவர். 1963ல கொழும்பில சிரித்திரன் எண்ட பகிடிச் சஞ்சிகையைத் தொடங்கி பிறகு யாழ்ப்பாணத்துக்கு கொண்டுவந்து எவ்வளவு கஷ்டத்துக்குள்ளயும் நடத்தினவர். அவர் கீறின சவாரித் தம்பர் எண்ட கார்ட்டூன் மனிசனை நான் முதல் முதல் கண்டது முறிகண்டிப் பிள்ளையாரடியில வாங்கின கச்சான் சரையில, கச்சானைக் கொட்டிப்போட்டு சரையை விரிச்சா உள்ளுக்க தம்பர். தம்பர் லக்ஷ்மன்ர மனிசன் மாதிரி இல்லை, நல்லா கதைப்பார், கதைச்சே ஊரைப் பிரட்டுவார், அதைப் பற்றி தனியா ஒரு நாள் கதைக்க வேணும். சுந்தர் 1996 மார்ச்சில காலமானவர், யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து சில மாசத்தில, அந்த நேரம் அவருக்கு ஒழுங்கா ஒரு அஞ்சலிக் கூட்டம் வைக்கிற நிலையில கூட நாங்கள் இருக்கேல்ல.

சரி தம்பி, முடிக்கிறன், ஒண்டே ஒண்டு. கேட்டுக்கொண்டிருக்கிற ஆற்றையாவது வீட்டில, றங்குப் பெட்டிக்கு அடியில, பழைய சிரித்திரன் ஒரு இதழ், இல்லாட்டி கிழிஞ்ச பக்கம் எண்டாலும் கிடந்தா எறிஞ்சு போடாதேங்கோ. இந்த நிலையத்துக்கு ஒரு தபால் போடுங்கோ, நான் சைக்கிளில வந்து பாத்து கீறிக்கொண்டு போறன். முகாமில காகம் கீறின பிள்ளைக்கு இப்ப பதினைஞ்சு பதினாறு வயசிருக்கும், எங்க இருக்குதெண்டு எனக்குத் தெரியாது. பிள்ளை, நீ கேட்டுக்கொண்டிருந்தா நீயும் ஒரு தபால் போடு, உன்ர மட்டை என்னட்ட பத்திரமா இருக்கு.